தீப மலை சாமி பேரில் ஒரு பதிவு

1

எங்கள் ஊரில் எனக்கு இப்போது ‘ஜெர்மனி’ என்று பேர். ‘ஜெர்மனிகிட்ட கேட்டியா?’, ‘ஜெர்மனி இன்னா சொல்லுச்சு?’ என்றுதான் பேசிக்கொள்கிறார்களாம். ஒரு முழு நாட்டையே என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் இருப்பதோ அந்த நாட்டின் வடக்கு மூலையில், பஸ் விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய ஒரு சின்ன ஊரில். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருஷம் ஆகிறது.

பதினோரு வருஷத்துக்குக் கேக் வெட்டலாம் என்றாள் என் மகள் மித்ரா. வெட்டினோம். சாப்பிட்டுவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இந்தப் பதினோரு வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு ஜெர்மனியில் நடந்ததே இல்லை. அது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டில், எங்கள் சமுதாயக் கூடத்தில் நடந்தது. இங்கே உட்கார்ந்துகொண்டே அங்கே ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருப்பேன். அதைத்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரிக்கலாம், இப்போது எனக்கும் சிரிப்புதான் வருகிறது.

2

கூடம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. அந்த ஊர்களை மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பேர் எழுதினால் பழைய சண்டை கிளம்பும். சண்டை எப்போதும் ஒன்றுதான். நல்ல முகூர்த்த நாளில் கூடம் யாருக்கு என்பது. முன்பெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள். நோட்டு மேலூரில் இருந்தால் கீழூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கீழூரில் இருந்தால் மேலூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு வைகாசியில் இரண்டு பக்கமும் ஒரே நாளுக்குச் சமையல்காரரோடு வந்து இறங்கினார்கள். நோட்டைப் பார்த்தால் அந்தப் பக்கத்தையே காணோம்.

அப்போதுதான் என் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். கூடத்துச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. போனில் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பாப்பா, நோட்ட நீ வெச்சுக்க. போன்லயே எழுதிக்க. நீ பொறந்தது மேலூரு. கட்டிக்கிட்டது மலைக்குக் கீழ சந்தவாசல்ல. இருக்கறது ஜெர்மனில. உனக்கு எந்தப் பக்கமும் கெடயாது. ரெண்டு ஊருக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஊரே கூடிப் பேசி, எனக்கு எந்தப் பக்கமும் இல்லை என்று ஒரு மனதாக முடிவு செய்திருக்கிறது. இருந்தாலும் சரி என்றேன். பதினோரு வருஷத்தில் ஊர் என்னிடம் ஒரு வேலை கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து கூடத்துக் கதவுப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. மாதம் பிறந்தால் அடுத்த மாதத்துக்கு நான் அனுப்பும் பட்டியலை அண்ணன் அதில் சாக்பீஸால் எழுதுவார். மேலே ‘விவரத்துக்கு: ஜெர்மனி’ என்று எழுதி, என் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டிருக்கிறார்.

3

மித்ரா எனக்கு ஒரு படிவம் செய்து கொடுத்தாள். பதின்மூன்று வயது. தமிழ் பேசுவாள், ஆனால் வார்த்தைகளை டப்பாவிலிருந்து தேடி எடுப்பதுபோலப் பேசுவாள். தேதி, ஊர், என்ன விசேஷம், பதிவு செய்பவர் பேர் என்று கட்டங்கள். பேருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்தாள். அதை நிரப்பாவிட்டால் படிவம் நகராது. “பேரு கட்டாயம் அம்மா. இங்க எல்லா ஃபார்மும் அப்டித்தான்” என்றாள்.

என்ன விசேஷம் என்பதற்குத் திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மற்றவை என்று நான்கு வைத்தோம். முதல் பதிவே மற்றவைதான். மாசியில் ஒருத்தர் இரண்டு நாளைக்குக் கூடம் கேட்டார். என்ன விசேஷம் என்று கேட்டேன். “விசேஷமா? புளி தட்றதுக்குங்க” என்றார். ‘மற்றவை: புளி’ என்று பதிந்தேன். நான் அதை வாசித்துக் காட்டியதும் மித்ரா, “புளிக்குப் பர்த்டேயா?” என்று கேட்டாள்.

அண்ணன் தினமும் காலையில் மலையில் எங்கேயோ சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று பேசுவார். கீழூர்க்காரர்களுக்கு அதுவும் வேண்டாம். டீக்கடையில் சிக்னல் இருக்கிறது. கடைக்காரர் போனை வாங்கிப் பேசுவார்கள். அதனால் கீழூரில் பாதிப் பேர் எனக்கு ஒரே எண்ணில்தான் வருவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

4

அதே மாசியில், காலை இடைவேளையில் நான் காப்பியோடு உட்கார்ந்திருந்தபோது டீக்கடை எண் அடித்தது. ஒரு பெண் குரல்.

“ஜெர்மனியா?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“கீழூர்ல இருந்து பேசறம்மா. பெரிய பொண்ணுக்குக் கல்யாணம். வைகாசி இருவது. கூடம் வேணும்.”

“ரொம்ப சந்தோஷங்க்கா. வூட்டுக்காரர் பேரு சொல்லுங்க.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அய்ய, அத எப்டிம்மா என் வாயால சொல்றது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தீபம் ஏத்தறாங்களே, அந்த மல சாமி பேரும்மா. திருவண்ணாமல சாமி” என்றார்.

“புரிஞ்சுதுக்கா” என்றேன். லைன் போய்விட்டது. கையில் இருந்த டூட்டி பட்டியலின் பின்பக்கத்தில், ‘வைகாசி 20, கல்யாணம், கீழூர், தீப மலை சாமி’ என்று கிறுக்கிக்கொண்டேன்.

எனக்கு அந்த அக்காவின் மேல் கோபமே வரவில்லை. வரவும் கூடாது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் வூட்டுக்காரரை அழைத்துக்கொள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அதிகாரி கணவர் பேர் என்ன என்று கேட்டார். நர்சிங் படித்தவள்தான், பரீட்சைகள் எழுதி விமானம் ஏறி வந்தவள்தான். வாய் வரவில்லை. ஒரு தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து மேஜையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். கணவர் பேரைச் சொல்லத் தெரியாதவளுக்குக் கணவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று அவர்களுக்குச் சந்தேகம். கல்யாண ஆல்பம் கேட்டார்கள். தேதி கேட்டார்கள். மாமியார் பேர் கேட்டார்கள், அதைப் பளிச்சென்று சொன்னேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு அவர் பேரையும் சொன்னேன். என் வாயால் அந்தப் பேரை முதலில் கேட்டது ஒரு ஜெர்மன் அதிகாரி. விஷயம் தெரிந்தபோது சந்தவாசலில் இருந்த மனிதருக்கு ஒரே குஷி. “எனக்குச் சொல்லாம அந்தாளுக்குச் சொல்லிக்கீற” என்று இன்றுவரை குத்திக் காட்டுகிறார்.

அந்தப் பேரை இங்கேயும் எழுதப் போவதில்லை. ஏழு மலை ஏறிப் போய்ப் பார்க்கிற சாமியின் பேர். அந்தச் சாமிக்குப் பல பேர் உண்டு, எது என்று நீங்களே யோசியுங்கள்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அவர் பேர் இருக்கிறது. இங்கே பின்னால் இருப்பதுதான் குடும்பப் பேர், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ‘ஃப்ராவ்’ என்றால் திருமதி. ஃப்ராவ் என்று தொடங்கி என் வூட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் எட்டு மணி நேரமும் எல்லாரும் என்னை அழைக்கிறார்கள். சொல்லக் கூடாது என்று எந்தப் பேரை விழுங்கினேனோ, அந்தப் பேருக்கு நாளெல்லாம் ‘இதோ வந்தேன்’ என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5

அன்று சாயங்காலம் வீட்டில் படிவத்தைத் திறந்தேன். பேர் கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் நின்றது. தீப மலை சாமி என்று போட எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அண்ணாமலை என்று போட்டேன். கீழூரில் அண்ணாமலை என்று ஒருத்தர் இருப்பதும் எனக்குத் தெரியும். படிவம் நகர்ந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

பங்குனியில் அதே டீக்கடை எண்.

“கீழூரு அண்ணாமல பேசறேன். வைகாசி எட்டு கூடம் வேணும்.”

“எட்டா? இருவது இல்லீங்களா?”

“எட்டும்மா, எட்டு. ஞாயித்திக்கெழம.”

ஜோசியர் நாளை மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். நம் ஊரில் நடப்பதுதானே. இருபதை அழித்துவிட்டு எட்டு என்று போட்டேன். அதே பேர், அதே ஊர், அதே எண். என்ன விசேஷம் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பேரனுக்குக் காதுகுத்து என்று சொல்லியிருப்பார். அங்கேயே என் தப்பு பிடிபட்டிருக்கும். மணி அடித்துவிட்டது, ஒரு பாட்டியைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது, ஓடிவிட்டேன்.

அடுத்த வாரம் மேலூர்க்காரர் ஒருத்தர் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு வைகாசி இருபது கேட்டார். காலியாக இருந்தது. கொடுத்தேன்.

6

சித்திரையில் ஒரு நாள் அண்ணன் கூப்பிட்டார். ‘பாப்பா’ என்கிற குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

“இன்னா பண்ணி வெச்சிக்கீற நீ? கல்யாண வூட்டுக்காரம்மா பத்திரிக எடுத்துக்கினு வந்து பலகையில பேரு தேடுது. இருவதுல மேலூர்க்காரன் பேரு கீது.”

“எந்தக் கல்யாணம்ண்ணா?”

“அருணாசலம் வூட்டுது! பூங்காவனம் பொண்ணுக்கு!”

அருணாசலம். தீபம் ஏற்றுகிற சாமி. அண்ணாமலையாரும் அவர்தான், அருணாசலேஸ்வரரும் அவர்தான். மாசியில் பேர் சொல்லாமல் பேசிய அக்காதான் அவர் சம்சாரம் பூங்காவனம்.

மாப்பிள்ளை வீடு கணியம்பாடி. கூடத்தின் பேர் போட்டுப் பத்திரிகை அச்சடித்து, பாதி கொடுத்தும் ஆகிவிட்டது. மலைக்குக் கீழே மண்டபம் பிடிக்க அவர்களுக்கு வசதி இல்லை. பிடித்தாலும் ஊர் ஜனத்தை எத்தனை ஜீப்பில் இறக்குவது? கூடம் இல்லை என்றால் சம்பந்தி முன்னால் தலை குனிய வேண்டும். இல்லையென்றால் நாளைத் தள்ள வேண்டும். நிச்சயம் செய்த நாளைத் தள்ளினால் பெண்ணைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதோடு முடியவில்லை. “அண்ணன் மேலூரு, தங்கச்சி மேலூருக்கே தூக்கிக் குடுத்துட்டான்னு பேசறாங்க” என்றார் அண்ணன். பிறகு மெதுவாக, “அப்டித்தான் பேசுவாங்க” என்றார்.

அன்று வேலையில் ஒரு தாத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுக்கப் போய், அவர் பேரை மூன்று முறை சரிபார்த்தேன். அவர் சிரித்தார், தினமும் பார்க்கிறவள் ஏன் பேர் கேட்கிறாய் என்று. கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். எந்தப் பக்கமும் இல்லாதவள் என்று நம்பித்தானே நோட்டைக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பேசுவது என்று முடிவானது. பூங்காவனம் அக்கா மாசியிலேயே பதிந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மேலூரில் கேட்டார்கள். நியாயம்தான். ‘அண்ணாமலை, 20’ என்று ஒரு காலத்தில் இருந்தது. அதையும் நானே அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க வீட்டைப் புரட்டினேன். டூட்டி பட்டியல்களை நான் எறிவதில்லை, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், மித்ரா கணக்குப் போட எடுத்துக்கொள்வாள். அவள் அறையில் ஒரு கட்டு இருந்தது. என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

“அந்த ஆன்ட்டி ஏன் பேர சொல்லல?”

“வூட்டுக்காரர் பேர சொல்ல மாட்டாங்க.”

“அப்போ பாஸ்வேர்டுக்கு ஹின்ட் குடுக்கற மாதிரி குடுத்தாங்களா?” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து அவளும் தேடினாள். எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து வெகு நாள் ஆகிறது. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, என் கையெழுத்து வருகிற தாளையெல்லாம் தனியாக எடுத்து வைத்தாள். ஒரு முக்கோணக் கணக்குக்குக் கீழே அது இருந்தது. ‘வைகாசி 20, கல்யாணம், கீழூர், தீப மலை சாமி.’ திருப்பினால் முன்பக்கத்தில் பிப்ரவரி மாதத்து வாரம், தேதியோடு அச்சாகி இருந்தது. தேதி போடாத தாளை இந்த நாட்டில் பார்க்க முடியாது. அதற்காக இந்த ஜனங்களை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன், அன்று கும்பிட்டேன்.

இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு வீடியோ கால். அங்கே பதினொரு மணி. அண்ணன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தார். பாதி கூடமும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. தப்பு என்னுடையது, யார் பக்கமும் பார்த்துக் கொடுக்கவில்லை, பேரை நானே ஊகித்து எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அண்ணன் தாளில் இருந்ததை உரக்கப் படித்தார்.

“தீப மல சாமின்னா அண்ணாமலதான? அவன்தான் எட்டாந்தேதி வாங்கிட்டானே” என்றது ஒரு குரல்.

அண்ணாமலை எழுந்தார். “நான் ஆம்பள, எம் பேர நானே சொல்ட்டுப் போறேன். சாமி கீமின்னு எதுக்குய்யா சுத்தணும்? இது பொம்பள சொன்ன பேச்சு. எம் பொண்டாட்டி டீக்கடப் பக்கமே வர்றதில்ல.”

கூடம் முழுக்கத் திரும்பி ஒரு ஆளைப் பார்த்தது. ஒல்லியாக, காதில் பீடியைச் செருகிக்கொண்டு ஒருத்தர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் அருணாசலம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் நீராட்டுக்குக் கூடம் வாங்கிய மேலூர்க்காரர் கையைத் தூக்கினார்.

“சரி, அந்தம்மா ஒரே ஒரு தபா வூட்டுக்காரன் பேர இங்க சொல்லட்டும். இருவத நான் வுட்டுத் தரேன்.”

“கூடத்த நீயே வெச்சுக்கய்யா” என்றார் பூங்காவனம் அக்கா, முந்தானையை எடுக்காமலே.

இரண்டு ஊரும் ஒன்றாகச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் போன் ஜன்னலிலிருந்து விழுந்தது, கொஞ்ச நேரம் எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. அண்ணன் எடுத்து நிமிர்த்தியபோது மேலூர்க்காரர், “சடங்க முன்ன பின்ன வெச்சுக்கலாம், கல்யாணத்த நகத்த முடியுமா? எனக்கு இருவத்தி நாலு போட்டுடு ஜெர்மனி” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

8

படிவத்தில் ஒரு மாற்றம் செய்தோம். சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது, ஆனால் இனிமேல் யார் போனில் பேசுகிறார்களோ அவர்கள் பேர்தான் அந்தக் கட்டத்தில். இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை. கவுன்டரில் என்னிடம் கேட்டதைத்தான் நானும் அந்த அக்காவிடம் கேட்டிருக்கிறேன், அதுவும் தமிழில்.

மறுநாள் இடைவேளையில் டீக்கடை எண் அடித்தது.

“நான்தாம்மா, பூங்காவனம். வைகாசி இருவது போட்டுட்டியா?”

“போட்டாச்சுக்கா. உங்க பேருல போட்டிருக்கேன். பூங்காவனம், கீழூரு.”

“எம் பேரா?” என்றார். “பேசனது நான்தான. இருக்கட்டும் இருக்கட்டும்.”

மன்னிச்சுக்குங்கக்கா என்றேன். அதெல்லாம் வேண்டாம், பொண்ணு கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றேன். பிறகு அவர் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“ஏம்மா, உம் பேரு இன்னா? எல்லாரும் ஜெர்மனி ஜெர்மனின்றாங்க. உங்கண்ணன கேட்டா பாப்பான்றாரு. ஆம்பள பேருன்னா கூச்சப்படலாம். உம் பேர சொல்றதுக்கு இன்னா?”

கவுன்டரில் நின்ற மாதிரியே ஆகிவிட்டது. என் பேரை நான் வாய் திறந்து சொல்லி எத்தனை காலம் ஆகிறது என்று தெரியவில்லை.

“தவமணி” என்றேன்.

“தவமணி. நல்லாத்தான கீது. சரி தவமணி, வெச்சிடறேன், டீக்கடக்காரு மொறைக்கறாரு.”

நேற்று அண்ணன் கரும்பலகையின் படம் அனுப்பியிருந்தார், வைகாசிப் பட்டியல் சரியா என்று பார்க்கச் சொல்லி. எட்டு, அண்ணாமலை, காதுகுத்து. இருபது, பூங்காவனம், கல்யாணம். இருபத்து நான்கு, மஞ்சள் நீராட்டு. எல்லாம் சரி. மேலே விவரத்துக்கு என்ற இடத்தில் ஜெர்மனியை ஈரத்துணியால் துடைத்த வெள்ளைத் தடம் இருந்தது. அதன் மேல் வேறு யாரோ, அண்ணன் கையெழுத்து இல்லை, பெரிசு பெரிசாக ‘தவமனி’ என்று எழுதியிருந்தார்கள். மூன்று சுழி ‘ண’ போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. பட்டியலில் தப்பு எதுவும் இல்லை என்று அண்ணனுக்குப் பதில் அனுப்பினேன்.